சிப்பாய்க்கு எத்தனை மார்க்?

கொஞ்சம் நீளமான இழை. ராத்திரி சாப்பாடு முடிச்சுட்டு நிதானமா படிங்க. சுகர், பிரஷர், டெங்கு பத்தி எழுதிட்டு இருக்கிற ஆளு திடீர்னு போர் விளையாட்டு பத்தி ஏன் எழுதறார்னு தோணும். நடுவுல மருத்துவம் வரும், நம்பி வாங்க.

கம்ப்யூட்டர்லயோ போர்டுலயோ போர் விளையாட்டு ஆடினவங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் எண்கள் இருக்கும். தாக்குதல் இவ்வளவு, தற்காப்பு இவ்வளவு, மனவுறுதி இவ்வளவு. ஸ்கூல் ரேங்க் கார்டு மாதிரி. இந்த மார்க்கை யார் போடறது? எங்கேயோ ஒரு ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கிற விளையாட்டு வடிவமைப்பாளர். அவருக்கு ரெண்டு முதலாளிங்க. ஒருத்தர் வரலாறு: "உண்மையில எப்படி நடந்ததோ அப்படி போடு" என்பார். இன்னொருத்தர் ஆடறவர்: "எனக்கும் ஜெயிக்க வழி வேணும்" என்பார். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல திருப்தி ஆகறது அபூர்வம்.

நம்ம பசங்களுக்குத் தெரிஞ்ச உதாரணத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. 2022-ல அதுல 'திராவிடர்'னு ஒரு தனி நாகரிகமே வந்துச்சு. சுருள்வாள் வீரன் உண்டு, 'திரிசடை'ன்னு ஒரு போர்க்கப்பல் உண்டு. ஆனா குதிரைப்படை படுமோசம். நம்ம ஊர் பையன்கள்ல பாதிப் பேருக்கு இதுல கோபம். "சோழனுக்குக் குதிரையே ஓட்டத் தெரியாதாடா?"

எனக்குக் கோபம் வரல. ஏன்னா இது வரலாறோட கிட்டத்தட்ட ஒத்துப் போகுது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ எழுதியிருக்கார்: இங்க குதிரை வளர்றதில்ல, வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல கப்பல்ல வாங்கறாங்க, வருஷக் கடைசியில பெரும்பாலானவை செத்துப் போகுது. காரணம்? குதிரைக்கு வைத்தியம் பார்க்கத் தெரிஞ்ச ஆள் இல்ல. தீனியும் சரியில்ல, சோறு வேக வச்சுப் போடறாங்க. வித்த வியாபாரிங்களே குதிரை வைத்தியனைக் கூட்டிட்டு வராம பார்த்துக்கிட்டாங்கன்னும் சொல்றார். செத்தாத்தானே அடுத்த வருஷமும் விக்கலாம்!

அதாவது அந்தக் குறைஞ்ச மார்க் குதிரை வீரனோட வீரத்துக்குப் போட்டது இல்ல. தீனிக்கும் வைத்தியத்துக்கும் போட்டது. இதை மனசுல வச்சுக்கங்க, திரும்ப வருவேன்.

அடுத்து ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3. 2007-ல வந்த ஆசிய விரிவாக்கத்துல இந்தியா வந்தது. அதுல 'சிப்பாய்' உண்டு. சாதாரண ஐரோப்பியத் துப்பாக்கி வீரனை விட உயிர்ப்புள்ளி அதிகம், கைச்சண்டையிலயும் பலம். ஆனா விலை கொஞ்சம் கூட. விளையாட்டு நியாயப்படி சரி, நல்ல சரக்குக்கு அதிக விலை. வரலாற்றுப்படி தலைகீழ். கம்பெனிக்காரன் சிப்பாயைச் சேர்த்ததுக்கு முக்கியக் காரணமே அவன் மலிவு என்பதுதான். கப்பல் ஏத்தி ஐரோப்பாவிலிருந்து ஒரு வீரனைக் கொண்டு வந்து, பாதி வழியில ஸ்கர்வி, வந்து இறங்கினதும் காய்ச்சல், பேதின்னு இழக்கிற செலவோட ஒப்பிட்டா நம்ம ஆளுக்குக் கொடுத்த சம்பளம் சொற்பம். சண்டை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

(அதே விளையாட்டுல இந்தியர்கள் கால்நடையை அறுத்துச் சாப்பிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலைல எங்க முத்தியால்பேட்டை மட்டன் கடை வாசல்ல அந்த வடிவமைப்பாளரை ஒரு மணி நேரம் நிக்க வைக்கணும்.)

சரி, இப்ப எங்க கதை.

நாங்க மூணு பேர் ஒரு வருஷமா ஒரு போர்டு கேம் செஞ்சுட்டு இருக்கோம். விக்க இல்ல, ஆடறதுக்கு. நான், ஸ்கூல்ல இருந்தே கூட இருக்கிற ஒரு நண்பன், மணிக்கூண்டு பக்கத்துல குடியிருக்கிற ரிட்டயர்டு வரலாறு வாத்தியார் ஒருத்தர். தலைப்பு எங்க ஊரேதான்: 1760-61 புதுச்சேரி முற்றுகை.

வெளியூர்க்காரங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். 1760 ஜனவரி 22-ல வந்தவாசியில பிரெஞ்சுத் தளபதி லாலி, ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்கிட்ட தோத்தார். அதுக்கப்புறம் ஒவ்வொரு கோட்டையா போச்சு. கடைசியில புதுச்சேரியை நிலத்துல கூட்டும் கடல்ல ஆங்கிலேயக் கப்பல்களும் சுத்தி வளைச்சாங்க. நகரத்தைச் சுத்தி இருந்த முள்வேலி அரண் செப்டம்பர்ல விழுந்தது. டிசம்பர்ல பீரங்கி மேடைகள் முழங்க ஆரம்பிச்சது. அதுல ரெண்டு, வடக்கே கடற்கரையை ஒட்டியும் வடமேற்கிலும். வடக்குன்னா எங்க பக்கம். 1761 ஜனவரி 16-ல நகரம் சரணடைஞ்சது. அப்புறம் ஆங்கிலேயர் ஊரையே இடிச்சுத் தரைமட்டம் ஆக்கினாங்க. நீங்க இன்னிக்கு வெள்ளை நகரத்துல போட்டோ எடுத்துக்கிற தெருவெல்லாம் அதுக்கப்புறம் திரும்பக் கட்டினது.

மேப் வரைஞ்சாச்சு, அட்டை வெட்டியாச்சு. மார்க் போடற இடத்துல மாட்டிக்கிட்டோம்.

நண்பன் ஒரு வெளிநாட்டு போர்டு கேம் பழக்கத்துல சொன்னான்: "மச்சி, ஐரோப்பியக் காலாட்படை 4, கிரனேடியர் 5, சிப்பாய் 2. எல்லா கேம்லயும் இப்படித்தான்."

சார் மூக்குக் கண்ணாடியைக் கழட்டினார். அவர் அப்படிக் கழட்டினா கிளாஸ் ஆரம்பம்னு அர்த்தம். "அந்த 2 எங்கேர்ந்து வந்தது தம்பி?"

நண்பன் சொன்ன ஆதாரம், 1746 அடையாறு சண்டை. நியாயமான ஆதாரம்தான். ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ் கான் கிட்ட சுமார் 10,000 பேர். எதிர்ப்பக்கம் பாராதி தலைமையில சுமார் 1,000 பேர். ஒரே நாள்ல நவாப் படை கலைஞ்சு ஓடியது. அப்ப ஒரு ஐரோப்பியப் பயிற்சிப் படை பத்து உள்ளூர்ப் படைக்குச் சமம்னு எழுதிட்டாங்க. அந்தக் கணக்கு அப்படியே புத்தகத்துல இருந்து புத்தகத்துக்கும், புத்தகத்துல இருந்து விளையாட்டுக்கும் வந்துடுச்சு.

சார் கேட்டது ஒரே கேள்வி: "அந்த ஆயிரத்துல எத்தனை பேர் சிப்பாய்?" சுமார் 700 பேர். ஜெயிச்ச படையில மூணுல ரெண்டு பங்குக்கு மேல நம்ம ஆட்கள். அப்ப அன்னிக்கு வித்தியாசம் தோலுல இல்ல. பயிற்சியில, எதிரிக்கு அது புதுசா இருந்ததுல.

புதுசு எத்தனை நாள் புதுசா இருக்கும்? 34 வருஷம் கழிச்சு, 1780 செப்டம்பர் 10, காஞ்சிபுரம் பக்கத்துல பொள்ளிலூர். கம்பெனியோட கர்னல் பெய்லி, சுமார் 3,800 பேர், நல்லாப் பயிற்சி எடுத்த படை. ஹைதர் அலியும் திப்புவும் அந்தப் படையையே இல்லாம ஆக்கினாங்க. சில மைல் தூரத்துல காஞ்சிபுரத்துல இன்னொரு ஆங்கிலேயப் படை இருந்தும் நேரத்துக்கு வரல. வெடிமருந்து வண்டிகள் வெடிச்சது. அடையாறு கணக்கை வச்சு மார்க் போட்டா பொள்ளிலூர் நடக்கவே முடியாது. பகடையை எத்தனை தடவை உருட்டினாலும் வராது.

வந்தவாசியையே பாருங்க. லாலியோட சிப்பாய்கள் அன்னிக்கு முன்னேற மறுத்தாங்கன்னு எழுதி வச்சிருக்காங்க. "பார்த்தியா, 2 தான்" என்றான் நண்பன். ஆனா அதே நாள் லாலியோட ஐரோப்பியக் குதிரைப்படையும் முதல்ல பாய மறுத்தது. அதுக்கு மூணு மாசம் முன்னாடி, 1759 அக்டோபர்ல, பிரெஞ்சு வெள்ளைக்காரச் சிப்பாய்களே சம்பள பாக்கிக்காகக் கலகம் பண்ணியிருந்தாங்க. பல மாச பாக்கி. ஒரே பாக்கி, ஒரே மறுப்பு. ஒருத்தனுக்கு 'சம்பளம் வரல'ன்னு காரணம் எழுதறோம், இன்னொருத்தனுக்கு 'தரம் 2'ன்னு அட்டையில அச்சடிக்கிறோம்.

எனக்கு இங்கதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துச்சு.

பிரசவ வார்டுல குழந்தை பிறந்ததும் ஒரு மார்க் போடுவோம், 'ஆப்கார் ஸ்கோர்'னு பேரு. வர்ஜீனியா ஆப்கார்ங்கிற அமெரிக்க மயக்க மருந்து டாக்டர் 1950-களின் ஆரம்பத்துல கொண்டு வந்தது. இதயத்துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டினா வர்ற அசைவு, நிறம். ஒவ்வொண்ணுக்கும் அதிகபட்சம் 2, மொத்தம் 10. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. இதை ஒரு தடவை போட மாட்டோம். முதல் நிமிஷத்துல ஒண்ணு, அஞ்சாவது நிமிஷத்துல ஒண்ணு. முதல் நிமிஷம் 4 வாங்கின குழந்தை அஞ்சாவது நிமிஷம் 9 வாங்கும். "4 மார்க் குழந்தை"ன்னு யாரும் அதுக்குப் பேர் வைக்க மாட்டோம். அந்த 4, 'இப்பவே கவனி'ன்னு எங்களுக்குச் சொல்ற செய்தி. குழந்தையோட குணம் இல்ல.

பிபியும் அப்படித்தான். கேஸ் ஷீட்ல 90/60-ன்னு மட்டும் எழுதிட்டுப் போனா டியூட்டி சிஸ்டரே கூப்பிட்டுக் கேட்பாங்க: "சார், எத்தனை மணிக்கு?" நேரம் இல்லாத எண் எங்களுக்குப் பாதி எண்.

போர் விளையாட்டு அட்டையில மட்டும் நேரம் இல்லாத எண்ணை அச்சடிக்கிறோம். சிப்பாய் 2. எப்ப 2? சம்பளம் வந்த மாசமா, வராத மாசமா? சாப்பிட்டானா?

இது விளையாட்டு செய்யறவங்க மட்டும் போடற சண்டை இல்ல. அமெரிக்க ராணுவ அதிகாரியும் வரலாற்றாசிரியருமான டிரெவர் டுபுய், ரெண்டாம் உலகப் போர் சண்டைகளை எண்ணிப் பார்த்து, ஜெர்மன் படை மத்தவங்களை விட சுமார் 20 சதவீதம் திறமைன்னு ஒரு கணக்குக் கொடுத்தார். அதுக்கு எதிர்ப்பும் ஆதரவும் பல வருஷம் ஓடுச்சு.

இனி இந்த இழையை நான் எழுத உட்கார்ந்த காரணம்.

சார் ராபர்ட் ஓர்ம் எழுதின பழைய வரலாற்றுல இருந்து ஒரு இடத்தை எடுத்துச் சொன்னார். ஓர்ம் கம்பெனி ஆள், அந்தக் காலத்துக்காரர். நகரம் சரணடைஞ்ச அன்னிக்கு பிரெஞ்சுப் படை அணிவகுத்து நின்னது. கூட் பார்வையிட்டார். எல்லாரும் எலும்பும் தோலும். அதுலயும் ரொம்ப மோசமா உருக்குலைஞ்சு இருந்தது யார் தெரியுமா? லாலி ரெஜிமென்ட், லொரேன் ரெஜிமென்ட் கிரனேடியர்கள். படையிலேயே உயரமானவங்க, பலசாலிங்க, பொறுக்கி எடுத்த ஆட்கள். எங்க அட்டையில 5.

சார் இதைச் சும்மா சொல்லிட்டு அடுத்த பக்கம் போகப் பார்த்தார். நான் விடல. ஒரு டாக்டரா பார்த்தா அதுல ஆச்சரியமே இல்ல. சும்மா படுத்திருந்தாலும் உடம்புக்கு ஒரு அடிப்படைச் செலவு உண்டு. அது பெரும்பாலும் கொழுப்பு இல்லாத எடையைப் பொறுத்தது. தசை அதிகம் இருக்கிற பெரிய உடம்புக்கு அந்தச் செலவு அதிகம். ரேஷனை ஆளுக்கு இவ்வளவுன்னு சமமா வெட்டினா, ஆறடி கிரனேடியருக்கும் ஒல்லி ஆளுக்கும் ஒரே பிடி அரிசி. பெரியவன் தினமும் அதிகமா கடன்ல போறான். அந்தக் கடனை தசையைக் கரைச்சுத்தான் கட்டுது உடம்பு.

1944-45-ல அமெரிக்காவுல, மின்னசோட்டாவில், ஆன்சல் கீஸ் 36 ஆரோக்கியமான இளைஞர்களை வச்சு ஒரு ஆராய்ச்சி செஞ்சார். எல்லாரும் தானா முன்வந்தவங்க. 24 வாரம் அரைப்பட்டினி. உடல் எடையில கிட்டத்தட்ட கால்பங்கு போச்சு. பலம் போச்சு, இதயத்துடிப்பு மெதுவாச்சு. அதை விட முக்கியம், மனசு போச்சு. சோர்வு, எரிச்சல், யாரோடயும் பேசப் பிடிக்காம இருக்கிறது, இருபத்திநாலு மணி நேரமும் சாப்பாட்டு நினைப்பு. 'மனவுறுதி'ன்னு விளையாட்டுல தனியா ஒரு எண் போடறோமே, அது வயித்துக்குள்ள இருக்கு.

அதனால எங்க கேம்ல விதி மாத்தினோம். அட்டையில அச்சடிச்ச எண் கிடையாது. ஒவ்வொரு அட்டை மேலயும் ஒரு சின்ன பகடையை வைக்கிறோம், அன்னிக்கு என்ன நிலைமையோ அது. ஒரு டர்ன் ஒரு வாரம். சாப்பாடு குறைஞ்சா இறங்கும். சம்பளம் வரலன்னா இறங்கும், வெள்ளைக்காரன், நம்ம ஆள் எல்லாருக்கும் ஒண்ணு போல. கிரனேடியர் 5-ல ஆரம்பிச்சு எல்லாரையும் விட வேகமா இறங்குவான். நண்பனுக்கு முதல்ல இஷ்டமில்ல. ரெண்டு ஆட்டம் ஆடின பிறகு, பிரெஞ்சு ஆடறவன் தன் நல்ல படையை டிசம்பருக்கு முன்னாடியே வெளியே அனுப்பி சண்டை போட வேண்டிய நெருக்கடி வருதுன்னு அவனே கண்டுபிடிச்சான். கேமும் சுவாரசியமாச்சு.

பேலன்ஸுக்கு இன்னொரு வழியும் இருந்துச்சு. 1759-ல போன பிரெஞ்சுக் கப்பற்படை திரும்பி வரவே இல்ல. எங்க கேம்ல வர ஒரு சின்ன வாய்ப்பு வச்சிருக்கோம். புயலும் உண்டு. 1761 புத்தாண்டு ராத்திரி அடிச்ச புயல்ல ஆங்கிலேயக் கப்பல்கள் பல மூழ்கி, ஆயிரத்துக்கும் மேல ஆட்கள் செத்தாங்க. தானே புயல் 2011 டிசம்பர் கடைசியில அடிச்சதே, கிட்டத்தட்ட அதே தேதி. எங்க ஊர்க்காரங்க யாரும் அந்தப் புயல் அட்டையை 'அதிகப்படி'ன்னு சொல்ல மாட்டாங்க. ஆனா ஒரு வாரத்துக்குள்ள ஆங்கிலேயர் திரும்பவும் கடலை மூடிட்டாங்க.

இப்ப மிச்சம் இருக்கிறது ஒரு அட்டை.

1760 நவம்பர் கடைசியில, சாப்பாடு காணாதுன்னு, லாலி நகரத்துல மிச்சம் இருந்த உள்ளூர் ஜனங்களை வெளியே தள்ளினார். ஆண், பெண், குழந்தைங்க, சுமார் 1,400 பேர். ஆங்கிலேயர் வரிசைக்குப் போனாங்க, அவங்க திருப்பி விரட்டினாங்க. கோட்டைக்கு வந்தாங்க, பிரெஞ்சுக்காரங்க சுட்டாங்க. எட்டு நாள் ரெண்டு படைக்கும் நடுவுல. புல்லோட வேரைப் பிடுங்கித் தின்னாங்கன்னு ஓர்ம் எழுதறார். கடைசியில கூட் வழிவிட்டார்.

அந்த இடம் இப்ப வீடும் கடையும் பள்ளிக்கூடமும். நான் தினமும் வண்டியில போற வழியாக் கூட இருக்கலாம்.

இந்த 1,400 பேருக்கு எந்தப் போர் விளையாட்டுலயும் அட்டை கிடையாது. தாக்குதல் 0, தற்காப்பு 0. சார்தான் "அட்டை வேணும்" என்றார். நண்பன் வெள்ளை அட்டையில '1,400'ன்னு மட்டும் எழுதி நடுவுல வச்சான். சிக்கல் அப்புறம்தான் தெரிஞ்சது. விளையாட்டுக் கணக்குப்படி ஆங்கிலேயர் ஆடறவனுக்கு அவங்களை விடறதுல லாபமே இல்ல. திருப்பி அனுப்பினா கோட்டைக்குள்ள அரிசி சீக்கிரம் தீரும், முற்றுகை சீக்கிரம் முடியும். எண் மட்டும் பார்த்து ஆடறவன் எட்டு நாள் இல்ல, கடைசி வரைக்கும் விட மாட்டான். போன வாரம் ஆங்கிலேயர் பக்கம் ஆடினது நண்பன். விடல. நாலு டர்ன். ஜெயிச்சான், வரலாற்றை விட ரெண்டு வாரம் முன்னாடியே.

ஜெயிச்சுட்டு அந்த வெள்ளை அட்டையைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு இருந்தான். "இதுக்கு மைனஸ் பாயிண்ட் போடலாமா சார்?" என்றான். "எத்தனை?" என்றார் சார். பத்துன்னு நண்பன், அம்பதுன்னு நான். அம்பது போட்டா எல்லாரும் பயந்து முதல் நாளே விட்டுடுவாங்க, கூட்டே எட்டு நாள் விடலையே, அது வரலாறு இல்லையேன்னு சார். ராத்திரி பத்தரை வரைக்கும் பேசி முடிவாகல. சார் வீட்டம்மா வந்து லைட்டை அணைக்கப் போறேன்னாங்க.

அந்த அட்டையில இன்னும் எண் எதுவும் எழுதல. வர்ற ஞாயிறு எனக்கு டியூட்டி இல்ல, திரும்ப ஆடறோம். இந்தத் தடவை ஆங்கிலேயர் பக்கம் நான். உங்க யாருக்காவது அந்த மைனஸ் எவ்வளவுன்னு யோசனை இருந்தா சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க.